கடல் விளாவிய வெந்நீர்

மகன் பரிதி போன கப்பல் இந்த எரிமலைத் தீவுக்கு அருகில்தான் மூழ்கியது. எள்ளும் தண்ணீரும் இறைக்க மனைவி செங்கமலத்தை அழைத்து வந்திருந்தார் தணிகாசலம். உடலே கிடைக்காதவனுக்கு எதற்கு என்று இதுவரை மறுத்தவள் அவள். கரையில், கரும்பாறைகளுக்கு நடுவே ஒரு குளம். அடியில் வெந்நீர் ஊறியது. அலை ஏறும்போதெல்லாம் கடல் அதில் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டுப் போனது.

"பாருங்க, கடலே விளாவுது," என்றாள் செங்கமலம்.

"சரிம்மா, கையை நீட்டு. எள்ளு தர்றேன்."

அவள் முழங்கையை நீரில் நனைத்துப் பார்த்தாள். இன்னோர் அலை விழும்வரை பொறுத்தாள். பிறகு எழுந்து கடலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "பரிதீ, சூடு பதமா இருக்குடா. ஆறிடறதுக்குள்ள வா."

தணிகாசலம் எள்ளுப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறி, இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.