கல்லில் இருந்த பேர்

உளியை அவன் முதல் எழுத்தின்மேல் வைத்ததும் அவள் கல்லின் குறுக்கே வந்து நின்றாள்.

தள்ளி நிற்கச் சொன்னான்.

அவள் நகரவில்லை.

ரோம் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கல்லறைகள். காலையிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். கையில் ஒரு மரத்துண்டு. செத்துப்போன சக்கரவர்த்தியின் பேரை அதில் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேர் எங்கே கண்ணில் பட்டாலும் கொத்தி எடுத்துவிட வேண்டும். யாரும் அதை வாயால்கூடச் சொல்லக் கூடாது. செனட் சபையின் உத்தரவு.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. மரத்துண்டைக் கல்லோடு சேர்த்து வைத்துப் பார்ப்பான். எழுத்தும் எழுத்தும் ஒத்துப்போனால் சுத்தியலை எடுப்பான்.

இங்கே ஒத்துப்போயின.

இது சக்கரவர்த்தி இல்லை, என் மகன் என்றாள்.

பேர் ஒன்றுதானே என்றான். யாருடைய பேர் என்றெல்லாம் உத்தரவில் சொல்லவில்லை.



செத்துப்போன அந்தச் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த வருஷம் பிறந்தவன் அவள் பிள்ளை. சக்கரவர்த்திக்கே அப்போது சின்ன வயது. வரியைக் குறைத்தான். சிறைகளைத் திறந்துவிட்டான். ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. அந்த வருஷம் அவள் தெருவில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் அவன் பேர்தான். ஒருத்தி வாசலில் நின்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அவளும்தான் வைத்தாள். ஆசை ஆசையாக வைத்தாள். அதை நினைத்தால் இப்போது தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போகப் போகச் சக்கரவர்த்திக்குத் தேரோட்டும் கிறுக்குப் பிடித்தது. பந்தயத்தில் அவன்தான் ஜெயிக்க வேண்டும். மற்றவர்கள் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். ஊர் கைதட்ட வேண்டும்.

ஒரு நாள் திருப்பத்தில் தேர் கவிழ்ந்தது. சக்கரவர்த்தி புழுதியில் உருண்டான்.

அத்தனை ஆயிரம் பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் மகன் சிரித்துவிட்டான்.

அவ்வளவுதான் அவன் செய்தது. மீசைகூட முளைக்காத பையன்.

சிப்பாய்கள் பிடித்தார்கள். பேர் என்ன என்று கேட்டார்கள். சொன்னான். கிண்டலா பண்ணுகிறாய் என்று அடித்தார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னான்.

வேறு என்னத்தைச் சொல்வான்?

சாயங்காலம் உடம்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு சக்கரவர்த்தியின் காலமும் முடிந்தது. குதிரை லாயத்தில் வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தவனைக் காவல் நின்ற சிப்பாய்களே இழுத்து வந்தார்கள். வாழ்க என்று கத்திய அதே வாய்கள் ஒழிக என்று கத்தின. அவளும் போனாள். கூட்டத்தில் முண்டியடித்துப் போய், தொண்டை வறளும் வரைக்கும் துப்பிவிட்டு வந்தாள்.

சிலைகளுக்குத் தலை போயிற்று. காசில் இருந்த முகத்தை ஆணியால் கீறினார்கள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் வேறு பேர். ரொட்டிக்காரர் மகனைப் பழைய பேர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவன் முறைக்கிறான்.

உயிரோடு இருப்பவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

செத்தவன் என்ன செய்வான்?

அந்தச் சக்கரவர்த்தி பிள்ளையைத்தான் தின்றான். இப்போது போகிற போக்கில் பேரையும் இழுத்துக்கொண்டு போகிறான், படுபாவி. செத்தும் அவனுக்குப் பசி அடங்கவில்லை.

கல் கொத்துகிறவன் கெட்டவன் இல்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னான். கொத்திய இடத்தில் மகனுடைய பேராகப் புதுச் சக்கரவர்த்தியின் பேரை வெட்டிக்கொள்ளலாம். எழுத்து வெட்டுகிற ஆள் பின்னாலேயே வருகிறார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், இடமும் அளவாக இருக்கிறது.

"நல்லவராம்மா இவரு. சின்ன வயசு. வந்ததுமே வரியைக் குறைச்சிட்டாரு."

அவள் அவனையே பார்த்தாள். இதே பேச்சை, இதே மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு, அவளும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறாள்.

அவன் கையில் இருந்த உளியைப் பிடுங்கி வீசிவிடலாம் என்று ஆத்திரம் வந்தது. அப்போதுதான் அவனுடைய தோல்பையின் வாயில் தொங்கிய கயிறு கண்ணில் பட்டது. கயிற்றின் நுனியில் சின்னதாக ஒரு தாயத்து. பேர் வைக்கும் அன்றைக்கு ஆண் பிள்ளையின் கழுத்தில் கட்டுவது. புத்தம் புதுசு.

அவள் மகனுக்குக் கட்டியதும் அந்த அளவுதான் இருந்தது.

யாருக்கு என்று கேட்டாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. முதல் பிள்ளை என்றான். ஆண் பிள்ளை. சாயங்காலம் பேர் வைக்கிறார்களாம். வேலையை முடித்துக்கொண்டு சீக்கிரம் போக வேண்டும்.

"என்ன பேர் வைக்கப்போறே?"

அவன் வாயைத் திறந்தான்.

சொல்லவில்லை.

சாலையில் புதுச் சக்கரவர்த்தியின் சிப்பாய்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் ஓரமாக நின்று புதுச் சக்கரவர்த்தியின் பேரைச் சொல்லி வாழ்த்தினார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள்.

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். கையில் இருந்த மரத்துண்டைப் பார்த்தான்.

அவள் கல்லை விட்டு விலகி நின்றாள்.

"இப்பக் கொத்துப்பா."

அவன் சுத்தியலை ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.