நேரில் கண்டவை

ணங்!

சேற்றுக்குள் இறங்கிய என் கம்பி எதிலோ மோதிய சத்தத்தில், கோரைக்குள் இருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின.

"பாறைடா அது. வா, போலாம்," என்றான் மீட்டர்.

நான் பம்ப் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக மண்ணைக் குத்தித்தான் பிழைப்பு நடக்கிறது. ஒரு சாண் தள்ளிக் குத்தினேன். ணங். இன்னொரு சாண் தள்ளி. ணங். மூன்று இடத்திலும் ஒரே ஆழம். எந்தப் பாறைக்கு இவ்வளவு ஒழுக்கம்?

மீட்டர் நில அளவை அலுவலகத்தில் இருக்கிறான். டீ கிளாஸைக்கூடக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். அதனால் வந்த பெயர். பின்னால் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்தவன் விசில், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள்.

நேற்று மீட்டர்தான் போன் செய்தான். "சதுப்புக்காட்டை ஒரு சுத்து சுத்திட்டு வரணும். அறிக்கை விஷயம். ரெண்டு பேரும் வந்தே ஆகணும்."

என்ன அறிக்கை என்று ஊருக்கே தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே நாங்கள் பயிர் செய்தோம், எங்களைக் கிளப்பிவிட்ட பிறகுதான் இது காடானது, மாற்று நிலம் கொடுங்கள் என்று முப்பத்திரண்டு குடும்பங்கள் மனு கொடுத்திருக்கின்றன. இங்கே மனிதன் உழுத தடயம் உண்டா, இல்லையா? மீட்டர் என்ன எழுதுகிறானோ, அதுதான் அவர்கள் தலையெழுத்து.

கடையை அப்படியே மூடிவிட்டு வந்தேன். முப்பத்திரண்டில் ஒன்று என் மனைவியின் பெரியம்மா வீடு. மீட்டருக்கு அது தெரியாது. சிபாரிசு மாதிரி ஆகிவிடுமே என்று நானும் மூச்சு விடவில்லை.

மண்டி போட்டு, முழங்கை வரை சேற்றுக்குள் விட்டுத் துழாவினேன். கல்லின் ஓரம் நேராக இருந்தது. அதில் மேலிருந்து கீழாக, இரண்டு விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு வெட்டு. எட்டி எதிர்ப்பக்கம் துழாவினேன். அதே மாதிரி கல். அதே வெட்டு.

"மதகுடா! பலகையை இறக்கித் தண்ணியை நிறுத்துற இடம்!"

"வெள்ளத்துல எங்கிருந்தாவது அடிச்சுட்டு வந்திருக்கும்." மீட்டர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"வந்த கல்லு ரெண்டும் மாப்பிள்ளை பொண்ணு மாதிரி எதிரும் புதிருமா நின்னுக்கிச்சாக்கும்?"

விசிலுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மதகு இருந்தால் வாய்க்கால் இருக்குமே என்று கோரையை விலக்கிக்கொண்டு ஓடினான்.

இருந்தது.

தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் போனால் வளையும், நெளியும். இது கயிறு பிடித்து வெட்டியதுபோல் நேராகப் போயிற்று. இரண்டு பக்கமும் மேடு, பள்ளம், மேடு, பள்ளம். பழைய பாத்திகள். மேலே மரம் முளைத்திருந்ததே தவிர வரிசை கலையவில்லை.

"எருமை நடந்த தடம்," என்றான் மீட்டர்.

"எருமைக்கு ஸ்கேல் யார்ரா குடுத்தா?"

விசில் சிரித்துக்கொண்டே மேட்டுக்கு மேடு காலால் எட்டு வைத்துக் காட்டினான். நாலு எட்டு. அடுத்ததும் நாலு. அதற்கடுத்ததும் நாலு.

மீட்டர் சிரிக்கவில்லை. போனை எடுத்து மணி பார்த்தான். பையில் வைத்தான். திரும்பவும் எடுத்தான். ஒரு கல்லைக்கூட அவன் படம் பிடிக்கவில்லை. அளவு நாடா தோள்பையை விட்டு வெளியே வரவே இல்லை.

மேலிடத்து நெருக்கடி போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"இங்க பாருடா. அந்த மனுவுல ஒரு கையெழுத்து என் பொண்டாட்டியோட பெரியம்மாது. மதகை ஒட்டித்தான் எங்க பாத்தி, மதகை ஒட்டித்தான் எங்க பாத்தின்னு சொல்லிச் சொல்லி அதுக்கு வாயே வலிச்சுப் போச்சு. நீ யாருக்கும் சாதகமா எழுத வேண்டாம். கண்ணால பாத்ததை எழுது, போதும்."

மீட்டரின் முகம் செத்துவிட்டது.

"எந்தப் பெரியம்மா?"

"என் கல்யாணத்துல உன் சட்டையில காபியைக் கொட்டிட்டு, நாள் பூரா மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்துச்சே, அதான்."

அவன் அப்படியே மேட்டில் உட்கார்ந்தான். ஈரம் பார்க்கவில்லை, அட்டை பார்க்கவில்லை.

விசில் பக்கத்தில் குந்தி அவன் தோளைப் பிடித்தான். "யாராவது மிரட்டறாங்களா? பயப்படாத. நாங்க ரெண்டு பேரும் எங்க வேணும்னாலும் வந்து சொல்றோம்."

அந்த வார்த்தைக்கு மீட்டரின் தலை இன்னும் தாழ்ந்தது.

"அறிக்கை போயி ரெண்டு மாசமாச்சுடா," என்றான் தரையைப் பார்த்து. "அப்ப இங்க இடுப்பளவு தண்ணி. உள்ளயே வரல. நேர்ல பாத்தேன், ஒரு தடயமும் இல்லைன்னு ஆபீஸ்லயே உக்காந்து எழுதிட்டேன்."

விசில் அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். தவளை ஒன்று மதகுப் பக்கம் தண்ணீரில் குதித்தது.

"நாளைக்குப் பெரிய அதிகாரி உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போறாராம். அதுக்குள்ள உங்களை இங்க ஒரு தடவை நடக்க வெச்சுட்டா..."

"எங்களை எதுக்குடா விசாரிக்கணும்?" என்றேன்.

மீட்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அறிக்கைக்குக் கீழ ரெண்டு சாட்சி வேணும்ல... உங்க கையெழுத்தை நானே போட்டேன்."