வாளி கேட்ட ஓட்டு

கோடையில் கிணற்றுத் தண்ணீர் முழம் முழமாக இறங்கியது. மேலே இருப்பவர்களிடம் நிலைமையைச் சொல்ல ஒரு தலைவர் வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். வாளி போட்டியிட்டது.

"நான் உங்கள்ல ஒருத்தன். இந்தத் தண்ணியிலேயே வளர்ந்தவன்."

"குடியிருக்கிறது எங்கேங்க?" என்று ஆமை கேட்டது.

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வர்றேனே, போதாதா?"

"தேர்தல்ல நிக்கிறவங்க ஒரு பகல் முழுக்க எங்களோட தண்ணிக்குள்ள இருக்கணும். அதுதான் இங்கே வழக்கம்."

"இருந்துட்டாப் போச்சு," என்று வாளி சொல்லும்போதே கயிறு இழுத்தது. "ஒரு அவசர வேலை, இதோ வந்துடறேன்," என்றபடி நிரம்பி மேலே போனது.

"மேலே போய் வர இவரை விட்டா நமக்கு யாரு இருக்கா?" என்றது தவளை. வாளியே வென்றது.

அதன்பிறகு அது இறங்கும்போதெல்லாம் தவளைகள் ஒதுங்கி நின்று வரவேற்றன. ஒருநாள் வாளியில் சேறுதான் ஏறியது. மறுநாள் வாளி வரவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் இந்தத் தண்ணியிலேயே வளர்ந்தவன்."

"நம்ம தலைவர்," என்றது தவளை. "நம்ம விஷயத்தை மேலே சொல்லிட்டாரான்னு கேட்கட்டுமா?"

"கேளு," என்றது சேற்றில் பாதி புதைந்திருந்த ஆமை. "அங்கே எவ்வளவு தண்ணி இருக்குன்னும் கேளு."