சாயம் கேட்காத கருவி

பிரத்யுஷா பதினோராவது தடவை அழைத்தபோதுதான் கொடுமுடியிலிருந்து வாழை விவசாயி தம்பிதுரை போனை எடுத்தார்.

"ஏனுங்க, வாழையை வெட்டிப்போடாதீங்க! எங்க ரிப்போர்ட் தப்புங்க!"

மறுமுனையில் ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது.

"கடைசி வரிசை ஓடுதுங்க அம்மணி. ரெண்டாயிரம் மரத்தையும் பொதைச்சுப்போட்டேன். தோட்டம் பூரா பரவுற முடிக்கொத்து நோய்னு உங்க கருவிதானுங்களே சொல்லுச்சு?"

கோவை ஆய்வகத்தில் அவள் நாற்காலியில் சரிந்தாள். சாயம் எதுவும் சேர்க்காமல், எடையை வைத்தே நோய் சொல்லும் கருவி அது. வைரஸின் டி.என்.ஏ வந்து தன் ஜோடி இழையோடு சேர்ந்தால், உள்ளேயிருக்கும் சின்ன வில்லையின் எடை துளி கூடும்.

"வெறும் தண்ணி விட்டாலும் எடை காட்டுதுங்க. இப்பத்தான் வில்லையைக் கழட்டிப் பார்த்தேன். ஓரத்துல மஞ்சளா என்னமோ காஞ்சு ஒட்டியிருக்குது."

ஜேசிபி நின்றது.

"நான் இலையைக் குடுக்க வந்த அன்னிக்கு உங்க லேப்புல ஆயுத பூசைங்களே அம்மணி..." என்றார் தம்பிதுரை. "எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சிருந்தீங்க, அதுக்கு மட்டும் இல்லீங்க. நல்ல சேதி சொல்லோணுமேன்னு, நான்தானுங்க தொறந்திருந்த அந்த வில்லை ஓரத்துல சந்தனம் தொட்டு வெச்சேன்."