பன்னிரண்டாவது கார்புரேட்டர்

பதினொன்று இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது.

பொம்மைகளை இறக்க ஏறியவள், பரணில் குந்தியபடி மறுபடியும் எண்ணினாள்.

கிறிஸ்துமஸ் குடில் பெட்டி. மேலே சூசையப்பர், மாதா, காது உடைந்த ஒட்டகம். அவர்களுக்குக் கீழே வைக்கோல். வைக்கோலுக்கு அடியில், கிழிந்த நைட்டித் துணியில் சுற்றிய கார்புரேட்டர்கள்.

பதினொன்றும் அவள் வாங்கி ஒளித்தவை.

கீழே பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை. அவர் இன்னும் கிளம்பவில்லை.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, சனிக்கிழமை தவறாமல் பையைத் தூக்கிக்கொண்டு புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளுக்குப் போகிறவர். அவள் வியாழக்கிழமையே போய் வந்துவிடுவாள். அவர் தேடுகிற மாடல் கார்புரேட்டர் வந்திருந்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுவாள்.

"இன்னாக்கா, வூட்ல வண்டி கம்பெனி எதுனா வெச்சிருக்கியா?" என்பார் கடைக்கார கபூர் பாய்.

வேறு எதை மாட்டினாலும் வண்டி ஓடும். ஆனால் பழைய வண்டிப் பைத்தியங்களுக்கு அது ஆகாது. நட்டு போல்ட் வரைக்கும் அந்த வருஷத்து ஒரிஜினல்தான் வேண்டும். அந்தப் பைத்தியத்தை நம்பித்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பின்பக்கம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது அந்த மோட்டார் சைக்கிள். அவள் அண்ணன் அமலனின் வண்டி. மற்றதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார். கார்புரேட்டர் மட்டும் பாக்கி. அது கிடைத்ததும் பழைய விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், ஒரே ஒரு தடவை, அதே கால் மைல் ஓட்ட வேண்டும் என்பார். அறுபத்தேழு வயதில். தேய்ந்த முட்டியோடு.

அந்தக் கால் மைலின் கடைசியில்தான் அண்ணன் செத்தான்.

ஒருத்தனை விழுங்கியது போதும் என்று இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் அவர் வெறுங்கையோடு வருவார்.

"கிடைச்சுதா?" என்பாள்.

"இல்ல."

இரண்டு பேரும் காபி குடிப்பார்கள். அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். பாவமாகவும் இருக்கும்.

பன்னிரண்டாவது, நைட்டித் துணியில் இல்லை. கட்டம் போட்ட கைக்குட்டையில் இருந்தது. போன வாரம் அவள் துவைத்து மடித்து அவர் அலமாரியில் வைத்த கைக்குட்டை.

அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறியிருக்கிறார். அவள் பூசைக்குப் போயிருந்த நேரமாக இருக்கும்.

எல்லாம் தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. தெரிந்தும் தானே ஒன்று வாங்கி வந்து கூடவே ஒளித்திருக்கிறார். அவருக்கும் அந்த வண்டி ஓட வேண்டாம்.

அமுக்குணி, என்று முனகினாள். கண் கலங்கிவிட்டது.

முடிச்சை அவிழ்த்தாள்.

கடையில் வாங்கியது மாதிரி இல்லை. ஒரு பக்கம் தரையில் உரசித் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. அதோடு ஒரு பித்தளைத் துண்டும் உருண்டு வந்தது. விரல் நகத்தைவிடச் சின்னது. ஜெட். எஞ்சினுக்குள் பெட்ரோலை அளந்து விடுவது.

அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவளுடைய நெயில் பாலிஷ்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பந்தயத்தன்று காலையில், அண்ணன் அவளிடம் கேட்காமல் எடுத்து வைத்த பொட்டு. பிரஷ் பாழாகிவிட்டது என்று அவள் கத்தினாள். மற்ற ஜெட்டுகளோடு கலந்துவிடக் கூடாதாம். இன்றைக்கு இதுதான் என்று சொல்லி, அவள் கண் முன்னாலேயே உள்ளே வைத்து முடுக்கினான்.

இன்னும் சின்னத் துளை போதும், வண்டி பறக்கும் என்றார் இவர். அப்போது இவர் வெறும் தயாளன். அண்ணனின் சிநேகிதன், மெக்கானிக்.

சின்னது வைத்தால் பெட்ரோல் குறைந்து, சூடேறி, ஓடும்போதே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றான் அண்ணன். வேண்டவே வேண்டாம் என்றான்.

எஞ்சின் பிடித்துக்கொண்டுதான் செத்தான்.

"அவன் வெச்ச ஜெட்டை நான் தொடவே இல்ல." கல்லறைத் தோட்டத்தில், அவள் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தயாளன் சொன்னது அது. விழுந்த வண்டியிலிருந்து கார்புரேட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டார்.

அவள் கார்புரேட்டரின் அடிமூடியைக் கழற்றினாள். ஒன்பது வருஷத்தில் அந்த அளவுக்குக் கை பழகியிருந்தது.

உள்ளே வேறொரு ஜெட் இருந்தது. வெளிச்சத்தில் இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருந்ததன் துளை சின்னது. அதில் பொட்டு இல்லை.

ஒன்பது வருஷச் சனிக்கிழமைகள். வீட்டிலேயே வைத்துக்கொண்டு எதைத் தேடப் போனார்?

கீழே இறங்கிப்போய் அந்தக் கிழவனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அண்ணனுக்கு இருபத்திநாலு வயது.

கையெல்லாம் கறுப்பு. வைக்கோலைப் பரப்பி எல்லாவற்றையும் மூடினாள். மாதாவை எடுத்துக்கொண்டாள், ஒட்டகத்தை எடுத்துக்கொண்டாள். சிவப்புப் பொட்டு உள்ளங்கைக்குள் இருந்தது.

கீழே பேப்பர் சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது.

ஏணியின் அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்புப் போடவில்லை. பையும் கையில் இல்லை. அவள் ஒவ்வொரு படியாக இறங்க, தலை நிமிராமல் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படி வரைக்கும் பொறுத்திருந்து, கேட்டார்.

"கிடைச்சுதா?"

அவள் ஒட்டகத்தை மேஜை மேல் வைத்தாள். மாதாவை வைத்தாள். மூடிய கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.