அப்பளப் பாட்டு

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல சுமலதா தன் புருஷன் தேவதாசைப் பார்த்து, "நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"ன்னு கேட்டது போன ஞாயித்துக்கிழமைதான். அதுவும் விருந்தாளிங்க முன்னாடி!

எல்லாம் ஒரு பாட்டால வந்த வினை.

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு நாத்தனார் ராஜாம்பாளும் அவங்க பொண்ணு அபியும் சென்னையிலேர்ந்து வந்திருந்தாங்க. வஞ்சிரம் வறுவல், மீன் குழம்புன்னு எல்லாரும் ஒரு பிடி பிடிச்சாச்சு. கை கழுவினதும் தேவதாஸ் வழக்கம்போல ஆரம்பிச்சார்.

"சுமா, அந்தப் பாட்டைப் பாடேன்."

"போங்க, அம்பத்தோரு வயசுல..." வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. கை அதுக்குள்ள குழம்புக் கரண்டியை மைக் மாதிரி பிடிச்சிடுச்சு.

அது பத்தாவது படிக்கிறப்ப கத்துக்கிட்ட பிரெஞ்சுப் பாட்டு. பக்கத்து வீட்டுல பிரெஞ்சுப் பட்டாளத்துல சிப்பாயா இருந்த 'சொல்தா' தாத்தா. அவரு பேத்திக்குப் பாரிசுலேர்ந்து ஒரு கேசட் வந்துது. மொட்டை மாடியில நாலு பொண்ணுங்க, ரெட்டைப் பின்னல் பறக்கப் பறக்க ஆட்டம். ஒருத்திக்கும் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. காதுல விழுந்ததை அப்படியே ரஃப் நோட்டுல தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணினாங்க.

"அப்பளமா... அப்பளமா... சுஸ்வரமா! அப்பளமா... அப்பளமா... டிங் டிங் டிங்!"

இடுப்பை ஒடிச்சு சுமலதா ஒரு சுத்து சுத்தினா. அவ்ளோதான், வயசு பதினஞ்சு ஆயிடுச்சு. வெள்ளைக்காரனுக்கும் நம்ம அப்பளம் மேல இப்படி ஒரு உசுரான்னு அந்தக் காலத்துல அதிசயப்பட்டவ அவ. யாரோ நம்ம பாண்டிக்காரன்தான் கொண்டுபோய்க் கொடுத்து ருசி காட்டியிருக்கணும்னு அவளே ஒரு முடிவுக்கும் வந்திருந்தா.

சட்டுனு அபி குதிச்சு எழுந்தா. மூணு மாசமா அவ பிரெஞ்சு கிளாஸ் போறா.

"அத்தை! அது அப்பளம் இல்ல! 'அப்பேல் முவா, சு ஸ்வார்'! இன்னிக்கு சாயந்திரம் எனக்குப் போன் பண்ணுன்னு அர்த்தம். போன வாரம்தான் கிளாஸ்ல நடத்துனாங்க. அந்த டிங் டிங் டிங் இருக்கே, அது டெலிபோன் மணி!"

சொல்லிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சுமலதாவுக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துது.

"அடிப் பாவி! முப்பத்தாறு வருஷமா அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்திருக்கேனே!"

சிரிச்சுக்கிட்டே திரும்பினா. தேவதாஸ் மட்டும் சிரிக்கல. திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னார்.

சுமலதாவுக்கு அப்பத்தான் உறைச்சுது. மனுஷன் பள்ளிக்கூடமே பிரெஞ்சுல படிச்சவராச்சே!

"ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே."

அவளுக்குப் பக்குனு ஆச்சு. அன்னிக்கு அவ பாடினது இதே பாட்டு! மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் பிரெஞ்சு தெரியும், அசத்திப்புடலாம்னு பாடினா. அப்படின்னா, மாமனார் மாமியார் சித்தப்பான்னு கூடம் கொள்ளாம உக்காந்திருக்க, முன்னப் பின்ன தெரியாத மாப்பிள்ளையைப் பார்த்து, 'சாயந்திரம் போன் பண்ணு, போன் பண்ணு'ன்னு...

"அய்யய்யோ! மானமே போச்சே!"

வெக்கம் அப்படியே கோவமா மாறிச்சு.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா? பொங்கல்னா பாடு. கிரகப்பிரவேசம்னா பாடு. உங்க சித்தப்பா அறுபதாம் கல்யாணத்துல மேடையேத்திப் பாட வெச்சீங்களே! உங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் என்னைக் கோமாளியாக்கி வேடிக்கை காட்டியிருக்கீங்க! இனிமே இந்த ஜென்மத்துல நான் பாட மாட்டேன். ஆளை விடுங்க!"

கரண்டியை வெச்சுட்டு உக்காந்துட்டா. கண்ணு கலங்கிடுச்சு. உசுரா வெச்சிருந்த பாட்டு, இப்ப நெனச்சாலே கூசுச்சு.

"மாமா, இது ரொம்ப மோசம்"னு அபியும் அத்தை கட்சிக்குத் தாவிட்டா. "அம்மா, நீயும் பிரெஞ்சு படிச்சவதானே? நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எப்படிடி சொல்றது? சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கோமே. நீ அப்ப பொறக்கல, தப்பிச்சுக்கிட்டே."

சுமலதா மூக்கை உறிஞ்சினா. "என்ன சத்தியம் அண்ணி?"

ராஜாம்பாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாங்க. அவர் வேணாம் வேணாம்னு தலையாட்டினார். அவங்க விடல.

"அன்னிக்கு நீ பாடி முடிச்சுட்டுக் காபி எடுக்க உள்ள போனே பாரு. எங்கம்மா சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாங்க. இவன் எழுந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் கையை நீட்டி சத்தியம் கேட்டான். எங்கம்மா சாகற வரைக்கும் வாயைத் திறக்கலியே, அந்தச் சத்தியத்துக்குத்தான்."

"அதான் என்னன்னு?"

"'யாரும் சிரிக்காதீங்க, யாரும் என்னிக்கும் சொல்லாதீங்க. தப்புன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு அப்புறம் பாடவே மாட்டா'ன்னு."