உட்கார இடமில்லாத மெஷின்

மெக்கானிக் தரையில் உட்கார்ந்து டிரெட்மில்லின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். முழுசாக அது அந்த அறையின் கதவைத் தாண்டாது.

நாத்தனார் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஒத்தாசை செய்ய வந்திருக்கிறாளாம். வந்ததிலிருந்து ஒரு துடைப்பத்தைக்கூடத் தொடவில்லை.

"இந்த எமன் முதல்ல வீட்டை விட்டுப் போகட்டும் அண்ணி."

எமன் என்று சொன்னது மெஷினை. பார்த்தது என்னை.

போன மாதம் என் கணவர் இந்த அறையில்தான் விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், முதலில் வாயைத் திறந்தவள் இவள்தான். 'ஓட வெச்சே கொன்னுட்டா' என்றாள். பிறகு ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் போலச் சொன்னார்கள். அதுதான் அதிகமாக வலித்தது.

எனக்கும் அதில் சந்தேகமில்லை. நான்தான் கொன்றேன்.

தினமும் அரை மணி நேரமாவது மூச்சு வாங்க நடக்க வேண்டும், இதயத்துக்கு வேறு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரிடம் சொன்னார்? ரிமோட் கைக்கு எட்டாவிட்டால் ஓடுகிற சேனலையே பார்த்துவிடுகிற மனிதரிடம். தெருவில் நடந்தால் நாய் துரத்துமாம். பூங்காவில் தூசியாம். மாடிப்படி ஏறினால் முட்டி போய்விடுமாம்.

சரி, வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நேராகப் போய், முதுகு சாய்க்க வசதி இருந்த சைக்கிளில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் இடம் கிடைத்த பஸ் பயணி மாதிரி கண்ணையும் மூடிக்கொண்டார். மிதிக்க வேண்டும் என்று சொல்லித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அடுத்து துடுப்புப் போடுகிற மெஷின். அதில் காலை நீட்டிக்கொண்டு, டீ கப் வைக்க இடம் இல்லையே என்று குறைப்பட்டார்.

நிமிடத்துக்கு நாலு தடவை 'கார்டியோ' என்று சொன்ன அந்த விற்பனையாளருக்கு இவரைவிடப் பெரிய தொப்பை. அவர் எதைக் காட்டினாலும் இவர் தலையாட்டினார். நான்தான் டிரெட்மில்லைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கடையில் உட்கார இடமே இல்லாத மெஷின் அது ஒன்றுதான்.

ஆறு மாதம். காலை ஆறு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தொப்பை ஆடுவதை நான் பார்த்தால் கூச்சமாக இருக்கிறதாம். மெஷின் உறுமுவது சமையலறை வரைக்கும் கேட்கும். ஏழு மணிக்குக் கழுத்தில் துண்டும் நனைந்த முகமுமாக வெளியே வந்து 'அப்பாடா' என்று சோபாவில் சாய்வார். நான் ஃபேனைப் போடுவேன்.

அரைக் கிலோகூடக் குறையவில்லை. வேகம் போதவில்லை என்று நினைத்தேன். மகா புத்திசாலி நான்.

அன்றைக்குக் கதவைத் தட்டி, நத்தை மாதிரி நடக்காதீங்க, வேகத்தைக் கூட்டுங்க என்று கத்தினேன். உள்ளே மெஷினின் சத்தம் கூடியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. பத்து நிமிடத்தில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

அன்றிலிருந்து படுக்கிறேன், தூங்குவதில்லை.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார் மெக்கானிக்.

பெல்ட்டைக் கழற்றி அடியிலிருந்த பலகையைத் திறந்து வைத்திருந்தார். அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"மீட்டர்ல தொள்ளாயிரம் கிலோமீட்டர் காட்டுது. ஆனா இதுமேல யாரும் கால் வெக்கலையே."

எனக்குப் புரியவில்லை. அவ்வளவு தூரம் ஆள் நடந்திருந்தால் கால் படுகிற இடத்தில் பலகை தேய்ந்து இரண்டு தடம் விழுந்திருக்கும் என்றார். இது கடையிலிருந்து வந்தபடியே பளபளவென்று இருந்தது. சும்மா ஓட விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், இதே மாதிரி இன்னும் இரண்டு வீடு தனக்குத் தெரியும் என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. ஏமாற்றுக்காரர். குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு வந்தவருக்குத்தான் ஆறு மாதம் ஃபேன் போட்டிருக்கிறேன். அந்த நிமிடம் அவர் உயிரோடு எதிரே நின்றிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நான் கொல்லவில்லை. நான் கத்தியபோது அவர் எழுந்து ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினேன். அந்த முகம் கறுப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

முகம் அப்படியேதான் இருந்தது. துளி ஆச்சரியம் இல்லை.

"உக்காந்துதான் இருப்பாரு அண்ணி" என்றாள். "ஆறு மணிக்கு எனக்கு போன் போட்டா ஏழு வரைக்கும் பேசுவாரு. அன்னைக்கும் பேசிட்டுதான் இருந்தாரு."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு திருகுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அவளாகத்தான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில, யாராவது என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி நான் உங்களைச் சொல்லிடணும்னு தோணுச்சு."